தொட்டிக் கள்ளிக்கு என்ன ஆச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நங்கநல்லூர்ல எங்க வீட்டு மொட்டை மாடில எட்டு வருஷமா கள்ளி வளர்க்கிறேன், இப்போ நூத்தி சொச்சம் தொட்டி இருக்கு, செத்தது அதுக்கு மேலயே இருக்கும். சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்கன்னு யாராவது வாரத்துக்கு ஒரு போட்டோ அனுப்பி "அக்கா இதுக்கு என்ன ஆச்சு"ன்னு கேப்பாங்க. நான் முதல்ல திருப்பிக் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அமுக்கிப் பாத்தீங்களா, கெட்டியா இருக்கா, கொழகொழன்னு இருக்கா? பாதி வியாதி அந்த பதில்லயே தெரிஞ்சுடும். மீதிக்குத்தான் இது. எல்லாமே சென்னை வெயில், சென்னை மழை, சென்னை தண்ணிய வச்சு சொல்றது, ஊட்டி கொடைக்கானல்ல இருக்கறவங்க கொஞ்சம் மாத்தி எடுத்துக்கோங்க.

என்கிட்ட இருக்கறது காக்டஸ்தானான்னே தெரியல, எப்படி கண்டுபிடிக்கறது?

நம்ம ஊர்ல முள்ளு இருந்தா எல்லாமே கள்ளிதான். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் பேர்ல கள்ளியே தவிர அதெல்லாம் யூஃபோர்பியா குடும்பம், ஒடைச்சா வெள்ளையா பால் வரும். நர்சரில காக்டஸ்னு சொல்லி விக்கறதுலயும் கணிசமானது யூஃபோர்பியாதான். காக்டஸ்ல முள்ளு எங்க இருந்து கிளம்புதுன்னு பாருங்க, குட்டி பஞ்சு மெத்தை மாதிரி ஒரு புள்ளி இருக்கும், அதுல இருந்து கொத்தா வரும், அந்தப் புள்ளி இல்லன்னா அது காக்டஸ் இல்ல. காக்டஸ் எல்லாம் அமெரிக்கக் கண்டத்து சொத்து, நம்ம ரோட்டோர சப்பாத்திக்கள்ளி கூட அங்க இருந்து வந்ததுதான், ரிப்சாலிஸ்னு மரத்துல தொங்கற ஒரே ஒரு வகை மட்டும் ஆப்பிரிக்காவுலயும் இலங்கைலயும் தானாவே இருக்கு. இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, அழுகினத வெட்டறப்போ யூஃபோர்பியான்னா அந்தப் பால் கண்ணுல பட்டுடக் கூடாது, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கோங்க. தெறிச்சுட்டா கால் மணி நேரம் நல்ல தண்ணில கழுவிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போயிடுங்க, தேய்க்காதீங்க.

அடியில பிரவுனா மரப்பட்டை மாதிரி ஆயிடுச்சு, அழுக ஆரம்பிச்சுடுச்சா?

பென்சிலால அமுக்குங்க. கெட்டியா, வறண்டு, சொரசொரன்னு இருந்தா அது வயசு. நமக்கு நரை மாதிரி. வருஷம் ஏற ஏற அடியில இருந்து மேல மெதுவா ஏறும், அதுக்கு மருந்தும் கிடையாது, தேவையும் இல்ல. எங்க சித்தி இதைப் பாத்து பயந்து தேங்கா நாரால தேய்ச்சு தேய்ச்சு கழுவி, கழுவின புண்ணுல பூஞ்சை ஏறி அந்தச் செடி நிஜமாவே போச்சு. அமுக்கினா உள்ள போகுது, ஈரமா இருக்கு, பிரவுன் ஒரே வாரத்துல ஒரு இன்ச் ஏறிடுச்சுன்னா அது வேற கதை, அடுத்த கேள்விக்கு வாங்க.

அமுக்கினா கொழகொழன்னு இருக்கு. காப்பாத்த முடியுமா?

எவ்ளோ தூரம் ஏறியிருக்குன்றதப் பொறுத்தது. இன்னைக்கே பண்ணணும், ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு வச்சா ஞாயித்துக்கிழமை தொட்டிதான் இருக்கும்.

செடிய பழைய பேப்பர மடிச்சு பெல்ட் மாதிரி சுத்திப் பிடிச்சு வெளிய எடுங்க, மண்ணை உதறுங்க. நல்ல வேர் வெளிர் நிறத்துல இருக்கும், இழுத்தா தாங்கும், அழுகின வேர் கறுத்துப் போய் தொட்டாலே தோல் கழண்டு வரும். வேர் மட்டும் போயிருந்தா ரொம்ப சுலபம், கெட்டதை வெட்டிட்டு நிழல்ல ஒரு வாரம் காய வச்சு புது மண்ணுல நடலாம். தண்டுக்குள்ள ஏறியிருந்தா ஸ்பிரிட்ல தொடச்ச கூர்மையான கத்தியால அழுகலுக்கு மேல குறுக்கா வெட்டுங்க. வெட்டின முகத்தைப் பாருங்க, சுத்தமா இருந்தா வெள்ளரிக்காய் வில்லை மாதிரி வெளிர் பச்சையா, நடுவுல ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்துல பிரவுனோ ஆரஞ்சோ ஒரு புள்ளி தெரிஞ்சாக் கூட உள்ள இன்னும் பூஞ்சை இருக்குன்னு அர்த்தம், கத்திய மறுபடி தொடச்சுட்டு இன்னொரு வில்லை வெட்டுங்க. சுத்தமாற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும், இங்கதான் எல்லாருக்கும் மனசு வராது, ஐயோ இவ்ளோ அழகா இருந்துச்சேன்னு ஒரு புள்ளிய விட்டுடுவாங்க, பத்து நாள்ல அந்தப் புள்ளி மொத்தத்தையும் தின்னுடும். நானும் அப்படி நாலஞ்சு தடவ விட்டிருக்கேன்.

வெட்டின முகத்துல கொஞ்சமா லவங்கப்பட்டைத்தூளோ கந்தகத்தூளோ சாஃப் பவுடரோ தடவலாம். சாஃப்ன்றது கார்பெண்டாசிம், மேங்கோசெப் ரெண்டும் கலந்த பூஞ்சை மருந்து, உரக்கடைல கேட்டா குடுப்பாங்க. மஞ்சள்தூள் போடலாமான்னு கேக்கறாங்க, போடுங்க, கெடுதல் இல்ல, ஆனா காப்பாத்தறது பவுடர் இல்ல, காத்துதான். சின்ன துண்டுன்னா நாலஞ்சு நாள், கை அளவு தடிமனா இருந்தா ரெண்டு மூணு வாரம் நிழல்ல ஃபேன் காத்துல கிடக்கட்டும், வெட்டின இடம் வத்தலாகி தோல் கட்டணும். அப்புறம் காஞ்ச மண்ணு மேல சும்மா உக்கார வச்சு, வேர் எட்டிப் பாத்த பிறகு தண்ணி.

உச்சந்தலைல இருந்து அழுகிக் கீழ இறங்குதுன்னா மேல் பாகத்தை வெட்டி எறிஞ்சுட்டு அடிய வச்சுக்கோங்க, பக்கத்துல குட்டி விடும். நாத்தம் குடலைப் புரட்டினா அது பாக்டீரியா அழுகல், பெரும்பாலும் தேறாது, மண்ணோட சேத்து கட்டி குப்பைல போட்டுடுங்க, அந்த மண்ணை மத்த தொட்டில கொட்டாதீங்க.

எத்தனை நாளைக்கு ஒரு தடவ தண்ணி ஊத்தணும்?

இந்தக் கேள்விக்கு நம்பர் சொல்ற யாரையும் நம்பாதீங்க. நாலு இன்ச் மண் தொட்டி மாடி வெயில்ல மூணு நாள்ல காஞ்சுடும், அதே செடி பிளாஸ்டிக் தொட்டில ஹால்ல இருந்தா மூணு வாரம் ஆனாலும் உள்ள ஈரமா இருக்கும், ரெண்டுக்கும் சேத்து வாரம் ஒரு தடவன்னு எப்படி சொல்றது. எரிஞ்சு முடிஞ்ச ஊதுபத்தி குச்சிய அடி வரைக்கும் சொருகி பத்து நிமிஷம் விட்டு எடுங்க, குச்சி ஈரமாவோ மண் ஒட்டிக்கிட்டோ வந்தா ஊத்தாதீங்க. காஞ்சு வந்தா இன்னும் ரெண்டு மூணு நாள் கழிச்சு ஊத்துங்க. பழகிட்டா தொட்டிய தூக்கிப் பாத்தாலே வெயிட்ல தெரிஞ்சுடும்.

ஊத்தறப்போ கஞ்சத்தனம் கூடாது, அடி ஓட்டை வழியா வழியற மாதிரி ஊத்தணும். "ரெண்டு ஸ்பூன் தண்ணி போதும்"ன்னு பாலைவனச் செடிய பத்தியக்காரங்க மாதிரி நடத்தறவங்க இருக்காங்க, மேல் மண்ணு நனையும், கீழ வேர் காஞ்சு சாகும், ஸ்ப்ரே பாட்டில்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்கறதும் அதே கதைதான். நல்லா குடுங்க, அப்புறம் நல்லா காய விடுங்க. சாயங்காலம் ஊத்தறது நல்லது, ஏன்னா காக்டஸ் பகல்ல மூச்சை அடக்கிக்கிட்டு ராத்திரி குளிர்ந்த பிறகுதான் தோல் துவாரத்தைத் திறந்து காத்து வாங்கும். மே மாசம் சென்னைல பல ராத்திரி 28 டிகிரிக்குக் கீழ இறங்கறதே இல்ல, அப்போ உருண்டைக் கள்ளி நிறைய வளர்ச்சிய நிறுத்திட்டு சும்மா உக்காந்துடும், அது குடிக்காதப்போ வெயில் அதிகம்னு நீங்க டம்ளர் டம்ளரா ஊத்தினா வேர் வெந்துடும். வெயில் கூடினா தண்ணி கூட்டணும்ன்றது துளசிக்கு சரி, இதுக்கு எப்பவும் சரி இல்ல.

நர்சரில வாங்கினப்போ பளபளன்னு இருந்துச்சு, ரெண்டே மாசத்துல போயிடுச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்?

தொட்டி மாத்தல, அதான். நர்சரில இருந்து வர்றது பெரும்பாலும் சுத்த தேங்காநார் தூள்ல, கோகோபீட்ல இருக்கும், லாரில அனுப்ப வெயிட் கம்மின்னு அவங்களுக்கு அது வசதி. நமக்கு அது ரெண்டு பக்கமும் இடி. நனைஞ்சா வாரக்கணக்குல ஈரம் பிடிச்சு வச்சிருக்கும், முழுசா காஞ்சுட்டா சுருங்கி கட்டியாகி ஊத்தற தண்ணி எல்லாம் ஓரமா ஓடிடும், நடுவுல வேருக்கு ஒரு சொட்டும் போகாது. வாங்கிட்டு வந்த வாரமே எடுத்து, விரலாலயும் குச்சியாலயும் அந்த நாரை மெதுவா கழட்டிட்டு, மூணு நாலு நாள் காய வச்சு, நம்ம மண்ணுல நடுங்க. நட்ட உடனே தண்ணி ஊத்தாதீங்க, அறுந்த வேர் ஆற ஒரு வாரம் குடுங்க.

காலிம்போங் மாதிரி மலை ஊர் நர்சரில இருந்து ஆன்லைன்ல வாங்கறவங்களுக்கு இன்னொண்ணு, அது குளிர்ல வளந்த செடி, பார்சல்ல வேற அஞ்சாறு நாள் இருட்டுல கிடந்திருக்கும், வந்த அன்னைக்கே மாடி வெயில்ல வச்சா தீஞ்சுடும். ஒரு மாசம் தனியா, மத்த செடிக்கிட்ட இருந்து தள்ளி, வெளிச்சமான நிழல்ல வைங்க, பூச்சி இருந்தா அந்த ஒரு மாசத்துல தலை காட்டிடும்.

அப்போ என்ன மண் போடறது?

நான் போடறது, செம்மண் ஒரு பங்கு, மக்கின எருவோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மீதி நாலு பங்கு கல்லு. கல்லுன்னா பெர்லைட், பியூமிஸ் கிடைச்சா அது, கிடைக்கலன்னா பழைய செங்கல்லை உடைச்சு சல்லடைல சலிச்ச 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டு, கூட ஒரு கை அடுப்புக்கரி. செங்கல்தூளை மட்டும் சேக்காதீங்க, அது இடுக்கெல்லாம் அடைச்சுடும். எம்-சாண்ட் போட்டா வெள்ளைத் தண்ணி வர்றது நிக்கற வரைக்கும் கழுவணும். பீச் மணல் வேணவே வேணாம், உப்பு. கலந்த மண்ணை ஈரமாக்கி கைல பிடிச்சு விட்டா உருண்டையா நிக்கக் கூடாது, உதிரணும், அவ்ளோதான் டெஸ்ட்.

தொட்டி அடியில கூழாங்கல்லு போட்டா தண்ணி வடியும்தானே?

எல்லாரும் போடறாங்க, நானும் போட்டேன். பொடி மண்ணுல இருக்கற தண்ணி கீழ பெரிய கல்லு வந்ததும் உடனே இறங்காது, மேல மண்ணு சொதசொதன்னு ஆனாத்தான் இறங்கும், நனைஞ்ச ஸ்பாஞ்ச சல்லடை மேல வச்ச மாதிரி. கல்லு போட்டதால ஈரப்பகுதி வேருக்கு இன்னும் கிட்ட வந்துடுது, அவ்ளோதான் லாபம். ஓட்டைல மண்ணு கொட்டாம இருக்க ஒரு துண்டு கொசுவலை போதும். ஓட்டையே இல்லாத பீங்கான் கப்ல நட்டு கிஃப்ட் குடுக்கறாங்களே, அதை உடனே வேற தொட்டிக்கு மாத்திட்டு கப்புல பேனா போட்டு வைங்க.

ஆர்ஓ மெஷின் வேஸ்ட் தண்ணிய ஊத்தலாமா?

வேணாம். அந்தத் தண்ணிலதான் உப்பு எல்லாம் சேந்து வருது. நம்ம போர் தண்ணியே பல ஏரியால உப்பு, மண்ணு மேலயும் தொட்டி விளிம்புலயும் வெள்ளையா படியறது அதுதான். அது ஏற ஏற மண்ணு காரத்தன்மை ஆயிடும், இரும்புச் சத்து மண்ணுல இருந்தும் செடியால எடுக்க முடியாது, உச்சில வர்ற புது வளர்ச்சி வெளுத்து மஞ்சளா வரும். மஞ்சளாச்சேன்னு உரம் போடுவாங்க, உரமும் உப்புதான், இன்னும் மோசமாகும். மழைத் தண்ணி ரெண்டு டிரம் பிடிச்சு வச்சா அதை மிஞ்ச ஒண்ணும் இல்ல. ஏசில இருந்து சொட்டற தண்ணில உப்பு கிடையாது, தாராளமா ஊத்தலாம், எங்க வீட்டுல ஏப்ரல் மே முழுக்க பாதி தொட்டிக்கு அதுதான்.

மழைக்காலத்துல என்ன பண்றீங்க?

இதுதான் சென்னைல நிஜமான பரீட்சை, வெயில் இல்ல. இங்க வருஷத்துக்கு சுமாரா 1400 மில்லிமீட்டர் மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடுது. மெக்சிகோ பாறை இடுக்குல பொறந்த செடி அதுல மூணு மாசம் நனைஞ்சா என்ன ஆகும். செப்டம்பர் கடைசிக்குள்ள மேல தண்ணி இறங்காத கூரை போட்டுடணும், கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடற பாலிகார்பனேட் ஷீட் நல்லது, நீலத் தார்ப்பாய் போட்டா மழை நிக்கும் ஆனா மூணு மாசம் இருட்டுல செடி வெளுத்துடும். நாலு பக்கமும் திறந்தே இருக்கணும், மூடினா உள்ள புழுக்கம், பூஞ்சைக்கு அது கல்யாண வீடு. தொட்டிய தரைல வைக்காதீங்க, செங்கல் மேலயாவது ஏத்துங்க, அடித்தட்டை எடுத்துடுங்க. மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, நடுவுல ஒரு தடவ சாஃப் லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடிப்பேன், மாஸ்க் போட்டுக்கிட்டு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ என் தார்ப்பாய் கயிறோட பிச்சுக்கிட்டு பறந்துடுச்சு, ரெண்டு நாள் மாடிக்கு ஏறவே முடியல. 11 செடி போச்சு. ஆனா கவனிச்சது என்னன்னா, செங்கல்துண்டு மண்ணுல இருந்ததுல ஒண்ணே ஒண்ணுதான் போச்சு, மீதி பத்தும் நான் சோம்பேறித்தனமா மாத்தாம விட்ட கோகோபீட் தொட்டிங்க. மழை கொல்லல, மழைக்குப் பின்னாடி காயாம நின்ன ஈரம்தான் கொன்னுது.

மழை சீசன்ல நத்தையும் வரும், ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்து பொறுக்கறதுதான் வழி.

ஒரு பக்கம் மட்டும் வெள்ளையா வெளுத்துப்போய் இருக்கு, நோயா?

மேற்கு பக்கமோ தெற்கு பக்கமோ பாத்த பக்கம்தானே? வெயில் சுட்டது. முதல்ல வெளுக்கும், அப்புறம் பழுப்பாகி தழும்பாகும், அந்தத் தழும்பு போகவே போகாது, கெட்டியா இருக்கற வரைக்கும் உயிருக்கு ஆபத்தும் இல்ல. பாலைவனச் செடிக்கு வெயிலான்னு கேக்கறீங்க, ஹால்ல இருந்த செடிய கத்திரி வெயில்ல தூக்கி வச்சா அதுவும்தான் என்ன பண்ணும். காலை வெயில் ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துல மெல்லக் கூட்டுங்க. ஏப்ரல், மே ரெண்டு மாசமும் 50 சதவீத பச்சை வலை கட்டிடுங்க. தொட்டிய திருப்பி வைக்கறப்போ பாத்துக்கோங்க, இவ்ளோ நாள் நிழல்ல இருந்த பக்கத்தை பொசுக்குன்னு வெயிலுக்குக் காட்டினாலும் சுடும்.

உருண்டையா வாங்கினேன், இப்போ மேல கூம்பு மாதிரி நீண்டுக்கிட்டே போகுது. நல்லா வளருதுன்னு அர்த்தமா?

இல்லங்க, வெளிச்சம் தேடி எட்டிப் பாக்குது. மேல வெளிர் பச்சையா, ஒல்லியா, முள்ளு சின்னதா இருக்கும். இதை யாரும் வியாதின்னு நினைக்கறது இல்ல, சந்தோஷமா போட்டோ அனுப்புவாங்க. நீண்டது மறுபடி குண்டாகாது, வெளிச்சத்துக்கு மாத்தினா அதுக்கு மேல வர்றது குண்டா வரும், இடுப்பு மாதிரி ஒரு நெளிவு நிரந்தரமா நின்னுடும். டிவி ஸ்டாண்டும் பாத்ரூம் ஷெல்ஃபும் காக்டஸுக்கு இடமே இல்ல, என்ன அழகா இருந்தாலும்.

முள்ளு இடுக்குல வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கு. துடைச்சாலும் திரும்பத் திரும்ப வருது.

மாவுப்பூச்சி. மம்மில்லேரியா மாதிரி சில வகைல பொறவிலயே பஞ்சு இருக்கும், அது ஒரே சீரா, எல்லாப் புள்ளிலயும் இருக்கும். பூச்சின்னா அங்கங்க திட்டா, உச்சிலயும் குட்டி ஒட்டற மடிப்புலயும் இருக்கும், குச்சியால கிளறினா பிசுபிசுன்னு வரும். தொட்டில எறும்பு சாரி சாரியா ஏறுதுன்னாலே சந்தேகப்படுங்க, மாவுப்பூச்சி விடற இனிப்பு நீருக்காக எறும்பு அதை மாடு மேய்க்கற மாதிரி மேய்க்கும், ஒரு தொட்டில இருந்து இன்னொரு தொட்டிக்கு தூக்கிட்டும் போகும்.

ஏழெட்டு பூச்சின்னா காது குடையற பட்ஸ மெடிக்கல் ஷாப்ல விக்கற ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல தோய்ச்சு ஒவ்வொண்ணா தொடுங்க, வாரம் ஒரு தடவ, நாலு வாரம் விடாம. நிறைய இருந்தா வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு, நல்லா அடிச்சுக் கலக்கி சாயங்காலம் தெளிங்க. வெயில்ல தெளிச்சா எண்ணெய்ல பொரிஞ்சுடும். நீலச் சாம்பல் பூசின மாதிரி இருக்கற கள்ளிக்கு மட்டும் எண்ணெயும் ஆல்கஹாலும் போடாதீங்க, அந்த மெழுகுப் பூச்சு கரைஞ்சு அசிங்கமாயிடும். அதுக்கும் அடங்கலன்னா இமிடாகுளோபிரிட் இருக்கு, 17.8 எஸ்எல்னு வரும், லிட்டருக்கு அரை மில்லிக்குள்ள, வேர்ல ஊத்தினா செடியே விஷமாகி உறிஞ்சற பூச்சி சாகும். பூ இருக்கறப்போ மட்டும் ஊத்தாதீங்க, தேனீயும் சேந்து சாகும். டிராகன் ஃப்ரூட்டும் காக்டஸ்தான், ஆனா சாப்பிடற செடிக்கு இந்த மருந்து பக்கமே போகாதீங்க.

மேல ஒண்ணும் இல்ல ஆனா செடி மட்டும் தேயுதுன்னா வெளிய எடுத்து வேர பாருங்க, தொட்டி உள்சுவத்துல விபூதி பூசின மாதிரி இருந்தா அது வேர் மாவுப்பூச்சி. மண்ணை மொத்தமா கழுவி எறிஞ்சு, வேர காய வச்சு, புது மண்ணு.

சப்பாத்திக்கள்ளில வர்ற வெள்ளைப் பஞ்சை நசுக்கினா ரத்தம் மாதிரி சிவப்பு வரும், பயப்படாதீங்க, அது கொச்சினீல் பூச்சி. பெரிய கதை அதுக்கு. 1795ல சிவப்புச் சாயத்துக்காக பிரேசில்ல இருந்து இந்தியாவுக்கு கொண்டு வந்தாங்க, வந்தது வேற இனம், சாயம் உருப்படியா வரல, ஆனா இங்க பரவிக் கிடந்த ஒரு வகைக் கள்ளிய தின்னே தீத்துடுச்சு. ஆஹா இது நல்லா இருக்கேன்னு, அப்புறம் 1926ல இலங்கைல இருந்து இன்னொரு இனத்தைக் கொண்டு வந்து தென்னிந்தியாவுல நிலத்தை அடைச்சுக்கிட்டு நின்ன சப்பாத்திக்கள்ளிப் புதரை ஒழிக்கவே விட்டாங்க. ஏக்கர் கணக்குல தின்ன பூச்சி, உங்க ஒத்தைத் தொட்டிய விடுமா, பாத்த அன்னைக்கே ஹோஸ்ல வேகமா அடிச்சு கழுவுங்க.

உச்சில துரு பிடிச்ச மாதிரி பழுப்பா ஆகுது, அமுக்கினா கெட்டியாத்தான் இருக்கு.

பழுப்பு அடியில இருந்தா வயசு, உச்சில இருந்தா செஞ்சிலந்தி. மொபைல் கேமராவ ஜூம் பண்ணிப் பாருங்க, ஊசி முனை அளவுக்கு சிவப்பா ஊரும், சில சமயம் மெல்லிசா வலை. காஞ்ச வெயில்ல, காத்தோட்டம் இல்லாத மூலைல வரும். இது பூச்சி இல்ல, சிலந்தி இனம், அதனால இமிடாகுளோபிரிட் இதுக்கு வேலை செய்யாது. ரெண்டு வாரத்துக்கு மூணு நாளைக்கு ஒரு தடவ காலைல தண்ணிய பீய்ச்சி அடிங்க, வெயில் தணிஞ்ச சீசன்னா நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்ஃபர்) லிட்டருக்கு 2 கிராம். 32 டிகிரிக்கு மேல இருக்கறப்போ கந்தகம் அடிச்சா தோல் வெந்துடும், வேப்பெண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள அடிச்சாலும் அதே கதி. பழுப்பு ஆன இடம் பச்சை ஆகாது, புதுசா வர்றது பச்சையா வந்தா ஜெயிச்சுட்டீங்க.

சாம்பல் கலர்ல பொட்டு பொட்டா ஒட்டிக்கிட்டு இருக்கு, நகத்தால சுரண்டினா வருது.

செதில் பூச்சி. பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் போதும், அப்புறம் மாவுப்பூச்சிக்கு சொன்னதே.

தொட்டிய சுத்தி குட்டி கறுப்பு ஈ பறக்குது.

மண்ணு ஈரமாவே இருக்குன்னு உங்களுக்கு மெசேஜ் சொல்லுது. தண்ணிய நிறுத்துங்க, மேல ஒரு இன்ச் கல்லு பரப்புங்க. பெரிய செடிக்கு ஒண்ணும் ஆகாது, விதை போட்டு வந்த குட்டிகளோட வேர அதோட புழு தின்னுடும்.

சுருங்கிப்போய் இருக்கு, தண்ணி ஊத்தவா வேணாமா?

நிறைய பேர் மாட்டற இடம் இதுதான், ஏன்னா தாகத்துலயும் சுருங்கும், வேர் அழுகினாலும் சுருங்கும். ரெண்டுலயும் தண்ணி மேல போகலன்றதுதான் விஷயம், ஒண்ணுல மண்ணுல தண்ணி இல்ல, இன்னொண்ணுல குடிக்க வாய் இல்ல. ஊதுபத்தி குச்சிய மண்ணுல சொருகிப் பாருங்க. மண்ணு ஈரமா இருந்தும் சுருங்கியிருந்தா வேர் போச்சு, வெளிய எடுங்க, இன்னும் ஊத்தறது கொலை. மண்ணு எலும்பா காஞ்சிருந்தா நல்லா ஒரு தடவ ஊத்திட்டு நாலு நாள் பொறுங்க, உப்பி வந்தா தாகம்தான். உப்பலன்னா மறுபடி ஊத்தாதீங்க, எடுத்து வேரைப் பாருங்க. அந்த ரெண்டாவது டம்ளர்லதான் முக்காவாசி கள்ளி சாகுது.

பக்கவாட்டுல வெடிச்சு பிளந்துடுச்சு.

ரொம்ப நாள் காயப் போட்டுட்டு ஒரே நாள்ல நிறைய குடுத்தா தோல் தாங்காம வெடிக்கும், யூரியா மாதிரி தழைச்சத்து அதிகம் போட்டாலும் சதை ஊதி வெடிக்கும். ஒண்ணும் தடவாதீங்க, ரெண்டு மூணு வாரம் தண்ணி வேணாம், நனையாம பாத்துக்கோங்க, தானா தழும்பு கட்டிக்கும். உரம்னா மூணு எண்ணும் சமமா இருக்கற 19:19:19ஐ பாக்கெட்ல சொன்னதுல கால்வாசி, வளர்ற மாசத்துல மாசம் ஒரு தடவ, அதுவே தாராளம்.

சிவப்பு உருண்டை வச்ச கள்ளி, நல்லாத்தான் பாத்துக்கிட்டேன், திடீர்னு சிவப்பு மட்டும் சுருங்குது.

உங்க தப்பு கம்மி. அந்த சிவப்பு உருண்டைல பச்சையமே கிடையாது, தனியா உயிர் வாழாது, கீழ இருக்கற மூணு பட்டைத் தண்டு டிராகன் ஃப்ரூட் கள்ளி, அதுக்கு மேல ஒட்டுக் கட்டி வச்சிருக்காங்க. கீழ இருக்கறது நிறைய தண்ணி கேக்கும், மேல இருக்கறது கம்மியா கேக்கும், கல்யாணமே பொருந்தாத ஜோடி. சில வருஷம் ஓடினா சந்தோஷம். சிவப்பு செத்துட்டா வெட்டி எடுத்துட்டு கீழ இருக்கறத பெரிய தொட்டில வைங்க, அதுபாட்டுக்கு ஓங்கி வளரும்.

என் கள்ளில மட்டும் ஏன் பூவே வரல? கடைல வாங்கினப்போ பூவோட இருந்துச்சே?

கடைல இருந்தது காஞ்ச பூவ சூடான பசையால ஒட்டினதா இருக்கும், மாசக்கணக்குல வாடாம ஒரே மாதிரி இருந்துச்சுன்னா அதுதான். இழுத்துப் பிய்ச்சா தோலோட வரும், பசை தானா உதிர விட்டுடுங்க. நிஜப் பூவுக்கு வயசு வேணும், வெளிச்சம் வேணும், வருஷத்துல ரெண்டு மாசம் தண்ணி குறைச்சு பட்டினி போடணும், இங்க டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும் நான் அப்படி விடுவேன். மம்மில்லேரியா, ஜிம்னோகலீசியம், ஆஸ்ட்ரோஃபைட்டம் எல்லாம் சின்ன தொட்டிலயே பூக்கும். தங்கக் கலர் முள்ளு உருண்டை, கோல்டன் பேரல், அது பூக்க பதினஞ்சு இருபது வருஷம் ஆகும், பேரன் பாக்கட்டும்.

பிரம்ம கமலம்னு நம்ம ஊர்ல ராத்திரி பூக்கறப்போ விளக்கேத்தி கும்பிடறோமே, அதுவும் காக்டஸ்தான், எபிஃபைலம். நிஜ பிரம்ம கமலம் இமயமலைல இருக்கற வேற செடி. நம்மகிட்ட இருக்கறது காட்டுல மரத்து மேல வளர்ற வகை, அதனால நான் இவ்ளோ நேரம் சொன்ன கல்லு மண்ணு, காய விடறது எல்லாம் அதுக்குப் பொருந்தாது, இலை மக்கு நிறைய, சிதறின நிழல், லேசான ஈரம், அப்படி வைங்க.

வீட்டுக்குள்ள முள்ளுச்செடி வைக்கக் கூடாதாமே? கம்ப்யூட்டர் பக்கத்துல வச்சா ரேடியேஷன இழுக்குமாமே?

ரேடியேஷன் எல்லாம் இழுக்காது, கம்ப்யூட்டர் டேபிள் இருட்டுல அதுதான் இளைச்சுப் போகும். வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு எங்க மாமியாரும் சொல்றாங்க, வெளிச்சத்தை வச்சுப் பாத்தா அவங்க சொல்றது சரி, மாடில வைங்க.

கைல முள்ளு ஏறிடுச்சு, எடுக்கவே வரல.

பெரிய முள்ளுன்னா இடுக்கியால நேரா இழுங்க. சப்பாத்திக்கள்ளி, முயல்காது கள்ளில இருக்கற தூசி மாதிரி சுணைதான் தொந்தரவு, தேய்ச்சா இன்னும் உள்ள போகும், வாயால கடிச்சு எடுக்கறேன்னு போனா நாக்குல ஏறும், எங்க அண்ணன் பண்ணினாரு. இடுக்கியால வந்த வரைக்கும் எடுத்துட்டு மேல ஃபெவிகால் கெட்டியா தடவி, முழுசா காய விட்டு, ஓரத்துல இருந்து ஒரே இழுப்பா உரிங்க. ரெண்டு தடவ பண்ணினா பெரும்பாலும் வந்துடும். அடுத்த நாள் வீங்கி சிவந்து வலிச்சா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, முக்கியமா சுகர் இருக்கறவங்க.